ஆறு மணி ரத்தம்

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ஓடுவதற்கு அனுமதி பெற்ற ஒரே ஆள் நிமிஷம் அக்காதான். டாக்டர்கள் விறுவிறுவென்று நடப்பார்கள். நர்சுகள் அவர்களையும் முந்திக்கொண்டு நடப்பார்கள். ஆனால் ஓடக் கூடாது, ஓடினால் நோயாளிகள் மிரண்டுவிடுவார்கள் என்பது வார்டின் சட்டம். அந்தச் சட்டமெல்லாம் அக்காவிடம் செல்லாது. எட்டுக் கட்டில்களில் எந்தக் கட்டிலின் மணி அடித்தாலும் சரி, நாற்பத்தாறு வயதையும் இரண்டு முழங்கால் வலியையும் மறந்துவிட்டு, ரத்தம் எடுக்கும் தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு பிடரியில் கால்பட ஓடி வருவார். எதிரே வருகிறவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விடுவார்கள்.

ஓடி வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "முடிஞ்சு எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்பதுதான். எப்போது ஆரம்பித்தது என்று கேட்க மாட்டார். ஆரம்பத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள், பதறியிருப்பார்கள். முடிவைப் பார்த்த கையோடு கடிகாரத்தையும் பார்த்தவர் யார் என்பதுதான் அவருக்கு வேண்டும். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் நிமிஷம் அக்கா.

அது வலிப்பு நோய் வார்டு. நிமிஷத்துக்கு அங்கே ஏன் இத்தனை மரியாதை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. பிட்யூட்டரி என்று பெயர். மேலே வலிப்பு வந்து மூளை குலுங்கினால், கீழே இருக்கும் இந்தப் பட்டாணியும் பதறிப்போய்த் தன்னிடமுள்ள ஹார்மோன்களில் சிலவற்றை ரத்தத்தில் கொட்டிவிடுகிறது. அதில் முக்கியமானது புரோலாக்டின். வலிப்பு முடிந்த பதினைந்து, இருபது நிமிஷத்தில் அது உச்சத்துக்கு ஏறும். ஒரு மணி நேரம் போனால் இறங்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த உச்சத்தில் பிடித்தால்தான் பிடித்தது. தவறினால் வெறும் ரத்தம்.

எல்லா வலிப்பிலும் அது ஏறுவதில்லை. உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிற வகையில் எகிறிக் குதிக்கும். விழித்த கண் விழித்தபடி இருக்க, வாய் மட்டும் எதையோ மெல்லுகிற வகையில் பெரும்பாலும் ஏறும். ஒரு கை மட்டும் துடிக்கிற வகையில் ஹார்மோன் அசையாது. மனத்தின் பாரம் உடம்பைப் பிடித்து உலுக்குகிற வலிப்பு ஒன்று உண்டு, மூளையின் மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதிலும் ஏறாது. எந்த வகை வலிப்பில் எந்த ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதுதான் பெரிய டாக்டரின் ஆராய்ச்சி. அந்த அம்மாவுக்கு மூளை பற்றித் தெரியாதது இல்லை, ஆனால் ஊசியை நரம்பில் ஏற்றத் தெரியாது. அதற்குத்தான் அக்கா.

புரோலாக்டின் என்பது தாய்மார்களுக்குப் பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் என்று எப்படியோ வார்டில் பரவிவிட்டது. ஒருநாள் மீசை முறுக்கிய லாரி டிரைவர் ஒருவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, எனக்கு எதுக்கு அந்த டெஸ்ட்? ஆம்பளைக்கு அது எப்படி இருக்கும்?"

"எல்லாருக்கும் இருக்குண்ணே. கடவுள் பொட்டலம் கட்டும்போது ஆம்பளை பொம்பளைன்னு பிரிச்சுப் பார்க்க நேரமில்லை போல. கையை நீட்டுங்க."

டிரைவர் நீட்டினார். யாரும் அக்காவிடம் நீட்டாமல் இருந்ததில்லை.

இருபது வயதில் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தவர் அவர். மாலை வகுப்பில் படித்து, சான்றிதழ் வாங்கி, பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தார். வலிப்பு முடிந்த மனிதரிடம் ரத்தம் எடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் கிடப்பார்கள். சிலர் கையை வீசுவார்கள். ஒருமுறை ஒருவர் விட்ட குத்தில் அக்காவின் கண்ணாடி இரண்டாக உடைந்து மூக்கில் ரத்தம் வந்தது. மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு பதினேழாவது நிமிஷத்தில் ரத்தம் எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். அவரைத் திட்டப்போன நர்சிடம், "அவரு குத்தலை, அவரு கைதான் குத்துச்சு. அவரு இன்னும் வந்தே சேரலை" என்றார்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு நர்ஸ், ஹார்மோன் ஏறாத பெண்ணைப் பார்த்து "நடிக்கிறா" என்று சொல்லப்போய் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. "மனசு படுத்துற பாட்டுல விழுறவளும் விழுறவதான். தரை அவளுக்கு மட்டும் மெத்தையா இருக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தச் சொல் அந்த மாடியில் கேட்கவில்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாற்காலி போட்டு ஏறி வார்டின் சுவர்க் கடிகாரத்தையும், பிறகு இரண்டாம் மாடிப் பரிசோதனைக் கூடத்தின் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்ப்பார். பக்கத்து வார்டுக்காரர்கள், "அப்படியே எங்க கடிகாரத்தையும் பாத்துடுங்க அக்கா" என்று கிண்டல் செய்வார்கள். அவர் கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாமல் போய் அதையும் சரிசெய்துவிட்டு வருவார். ஒரு வேலையை இத்தனை கண்ணும் கருத்துமாகச் செய்கிறவர்கள் கொஞ்சம் தொல்லைதான். ஆனால் நமக்கு உடம்புக்கு ஒன்று வந்து படுத்தால் அப்படிப்பட்ட தொல்லைதான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆறு மணி ரத்தம் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. ஏறியிருக்கிறதா என்று சொல்ல, ஏறாதபோது எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு நோயாளியிடமும் சாதாரண நேரத்தில் ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அது பெரும் கூத்தாக இருந்தது. ஒருவர் குளிக்கப் போயிருப்பார், ஒருவர் ஸ்கேனுக்குப் போயிருப்பார், ஒருவரைத் தேடினால் கீழே டீக்கடையில் இருப்பார். அக்காதான் யோசனை சொன்னார்.

"மேடம், காலையில ஆறு மணிக்கு எடுத்துடலாமா? எல்லாரும் கட்டில்ல இருப்பாங்க. வெறும் வயிறு. ஆறரைக்கு லேபுக்குப் போற முதல் தொகுதியோட நம்ம குழாயும் கீழ போயிடும்."

பெரிய டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "இது எனக்கு ஏன் தோணலை?" என்றார்.

இரண்டு வருஷத்தில் அறுபத்திரண்டு பேர். அறுபத்திரண்டு ஆறு மணி ரத்தம். ஆறு மணி அளவைப்போல் இரண்டு மடங்காவது ஏறினால் ஏற்றம், இல்லாவிட்டால் இல்லை என்பது கணக்கு. ஆராய்ச்சிக் கட்டுரை தயாராகி, அடுத்த வாரம் வெளிநாட்டு மாநாட்டில் படிக்கப்போகிறார்கள் என்ற நிலையில், டாக்டர் ஒருநாள் முதல் பக்கத்தைக் காட்டினார். மூன்று டாக்டர்களின் பெயருக்குப் பிறகு நான்காவதாக அக்காவின் உண்மையான பெயர் இருந்தது. ரத்தம் எடுப்பவரின் பெயரை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கட்டுரையில் போட்டதில்லை. அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய கணவர் எழுந்து நின்று கைதட்டினார். "என் பேரும்தான் ஊர்ல உள்ள லிஃப்ட்ல எல்லாம் இருக்கு, கோளாறுன்னா கூப்பிடவும்னு" என்றார். சிரித்தார்களே ஒழிய, அன்று அந்த வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் நான்காம் கட்டிலுக்குக் கயிற்றுக்காரர் வந்தார்.

உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கத்தில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர் அவர். முப்பத்தைந்து வயது. இடுப்பில் ஒரு வாளி, கையில் ரப்பர் பட்டை, கீழே எறும்பு எறும்பாக மனிதர்கள். "உள்ள மீட்டிங்ல யாரு தூங்குறாங்கன்னு முதலாளிக்குத் தெரியாது அக்கா, எங்களுக்குத்தான் தெரியும்" என்பார். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை, நல்ல வேளையாகத் தரையில் நிற்கும்போது, நினைவு தப்பி விழுந்திருந்தார். வலிப்பு நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே மறுபடி கயிறு என்று கம்பெனி சொல்லிவிட்டது. வேறு வேலை அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. மூளைப் படம் சுத்தமாக இருந்தது. மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனையிலும் ஒன்றும் சிக்கவில்லை. போன வருஷம் கூடவே வேலை பார்த்த அண்ணன் நோயில் இறந்திருந்தார். அந்தத் துக்கம்தான் உடம்பில் இறங்கியிருக்கிறதோ என்று டாக்டருக்கு ஒரு சந்தேகம்.

புதன்கிழமை வந்து படுத்தார். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா எழுப்பி ரத்தம் எடுத்தார். ஏழு பத்துக்கு அவருடைய மனைவி மணியை அடித்தாள். அவர் வெறித்துப் பார்த்தபடி கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார், பிறகு சாய்ந்துவிட்டார். முடிந்த பதினாலாவது நிமிஷத்தில் அக்கா ரத்தம் எடுத்தார். வழக்கம்போல் ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, ஆறு மணி நேரம் கழித்து ஒன்று எடுத்தார்.

வெள்ளிக்கிழமை முதல் இரண்டு முடிவுகள் வந்தன. புரோலாக்டின் ஆறு மணிக்கு முப்பத்தெட்டு. வலிப்புக்குப் பிறகு நாற்பத்தாறு. முப்பத்தெட்டு என்பது ஒரு ஆணுக்கு அதிகம்தான். தூக்கத்தில் இந்த ஹார்மோன் கொஞ்சம் ஏறியிருப்பது சகஜம் என்பதால், "தூக்கம்" என்று பக்கத்தில் எழுதிவிட்டு டாக்டர் மேலே போனார். இரண்டு மடங்கு இல்லை. எனவே ஏற்றம் இல்லை. சனிக்கிழமை காலை கையெழுத்தாகிவிட்டது: வலிப்பு நோய் அல்ல, மாத்திரை தேவையில்லை, மனநல ஆலோசனை தேவை.

"இருந்தாலும் ஒரு மாசம் கீழேயே ஏதாவது வேலை பாருங்க. மனநல டாக்டரையும் பாத்துடுங்க" என்றார் பெரிய டாக்டர். கயிற்றுக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். வலிப்பு நோய் அல்ல என்ற முதல் வரிக்குப் பிறகு ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை என்பது பக்கத்துக் கட்டில்காரருக்குக்கூடத் தெரிந்தது. தலைகால் புரியாத சந்தோஷம். அவருடைய மனைவி எட்டுக் கட்டில்களுக்கும் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள். அவர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஊசிதான் அக்கா என்னைக் காப்பாத்துச்சு. திங்கக்கிழமை ஆரம்பிக்குறோம். இருபத்திரண்டு மாடி. முடிஞ்சா கீழ வந்து நில்லுங்க, மேலேர்ந்து கையாட்டுறேன்."

"நின்னா கழுத்து சுளுக்கிக்கும். நீங்க பத்திரமா தொங்குங்க, அது போதும்" என்றார் அக்கா. அவருக்கும் சந்தோஷம்தான்.

மதியம் மூன்று மணிக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து மிச்ச முடிவுகள் வந்தன. வழக்கமாக அவற்றை யாரும் படிப்பதில்லை. மடங்குக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. ஏட்டில் ஏற்ற வேண்டியது அக்காவின் வேலை, அவ்வளவுதான். நான்காம் கட்டில், வலிப்பு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து முப்பது. ஆறு மணி நேரம் கழித்து ஒன்பது.

ஒன்பது என்று எழுதிய பிறகு பேனா நகரவில்லை. இந்த மனிதருக்குச் சும்மா இருக்கும்போது ஒன்பதுதான் என்றால், காலை ஆறு மணிக்கு முப்பத்தெட்டு எங்கிருந்து வந்தது? தூக்கம் என்ன, நாலு மடங்கா ஏற்றும்? ஆறு மணிக்கு முன்னாலேயே எதுவோ நடந்திருந்தால் தவிர அப்படி வராது. நடந்திருந்தால், அது சாதாரண அளவே இல்லை. ஏறி நிற்கும்போது எடுத்த ரத்தத்தோடு, மறுபடி ஏறியபோது எடுத்த ரத்தத்தை ஒப்பிட்டுவிட்டு, ஏறவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்பதோடு ஒப்பிட்டால் நாற்பத்தாறு ஐந்து மடங்கு.

அப்போதுதான் அக்காவுக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. எழுப்பியபோது கயிற்றுக்காரர் அக்காவையே பார்த்தார், ஆனால் அக்காவைப் பார்க்கவில்லை. என்ன கிழமை என்று கேட்டதற்கு வெகுநேரம் கழித்து "வாளி" என்றார். தூக்கக் கலக்கத்துலயும் வேலை ஞாபகம் என்று அக்கா சிரித்தார். "கடந்த சில மணி நேரத்தில் வலிப்பு: இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தார். மணி அடிக்கவில்லையே, அப்புறம் என்ன?

அக்கா பேனாவை மூடினார். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். ஒரு நிமிஷம் இல்லை, இரண்டு நிமிஷம் இல்லை, முழுசாகப் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, அவரும் மனுஷிதான். இந்த ஒன்பதை ஏட்டில் ஏற்றிவிட்டு மூடினால் எந்தக் காலத்திலும் யாரும் பார்க்கப்போவதில்லை. திறந்தாலோ நான்காம் கட்டிலோடு நிற்காது. தூக்கத்தில் வருகிற வலிப்பு எத்தனை பேருக்கு உண்டு! மணி அடிக்காத விடியல்கள் எத்தனை! அறுபத்திரண்டு பேருக்கும் அடிப்படை அந்த ஆறு மணிதான். அதைச் சொன்னது அவர். எடுத்தது அவர். டிக் அடித்தது அவர். நாளைக்கு டாக்டர் விமானம் ஏறுகிறார். பெட்டிக்குள் அந்தப் பெயர் போட்ட காகிதம் இருக்கிறது.

பதினோராவது நிமிஷத்தில் எழுந்து தரைத்தளத்துக்குப் போனார். நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுந்தால் தெரிவதற்காக வார்டின் கூரையில் கேமரா இருந்தது. மூன்று நாள் பதிவு நிற்கும், பிறகு தானாக அழிந்துவிடும். கேமரா அறைக் காவலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூணாம் மாடி, நாலாம் கட்டில், வியாழக்கிழமை விடிகாலை போடுங்க."

"எழுதிக் குடுக்கணுமே அக்கா. அதிகாரி கையெழுத்து..."

"அப்புறம் எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடறேன். இப்ப போடுங்க."

அந்த முகத்தைப் பார்த்தபின் காவலாளி டீயைக் கீழே வைத்தார். நாலரை மணியிலிருந்து வேகமாக ஓடவிட்டார். திரையில் ஒன்றுமே அசையவில்லை. ஐந்து முப்பத்திரண்டுக்குக் கயிற்றுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வாய் மெல்லத் தொடங்கியது. வலது கை போர்வையைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தது. இடது கை விறைத்து நின்றது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி கன்னத்தில் கை வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றரை நிமிஷம். பிறகு மெதுவாகச் சாய்ந்தார்.

"ஐயோ" என்றார் காவலாளி.

"நிறுத்தாதீங்க."

ஆறு மணிக்குத் திரைக்குள் நிமிஷம் அக்காவே வந்தார். தட்டைக் கட்டிலில் வைத்தார், அவரை எழுப்பினார், என்னவோ சொல்லிச் சிரித்தார், ரத்தம் எடுத்தார். பிறகு குனிந்து தாளில் டிக் அடித்தார். வலிப்பு முடிந்து இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது. உலகத்திலேயே அதைக் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் கேட்காமல் போவதை அக்கா கடைசிவரை பார்த்தார்.

பெரிய டாக்டர் பயணத்துக்குக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இழுக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை.

டாக்டர் முதலில், "இருக்காது" என்றார். பிறகு தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்பதைப் பார்த்தார், முப்பத்தெட்டைப் பார்த்தார், பக்கத்தில் தன் கையெழுத்தில் இருந்த "தூக்கம்" என்ற சொல்லைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதை எழுதினது நான்தானே. நீங்க டிக் போட்டீங்க, நான் கண்ணை மூடிட்டேன்."

"ஆறு மணின்னு சொன்னது நான் மேடம்."

"ரெண்டு வருஷம் அக்கா."

"ஆமா மேடம்."

"உங்க பேரு இதுல..." டாக்டர் முடிக்கவில்லை.

"தப்பான காகிதத்துல என் பேரு எதுக்கு மேடம்?" என்றார் அக்கா. சொல்லும்போது குரல் நடுங்கியது. நடுங்காமல் சொன்னார் என்று எழுதினால் அது பொய்.

இத்தனைக்குப் பிறகும் அந்த டாக்டரைச் சும்மா சொல்லக் கூடாது. ஏட்டை இழுத்துப் பிரித்தார். ஏற்றம் இல்லை என்பதை நம்பி நோய் இல்லை என்று எழுதி அனுப்பியவர்கள் கயிற்றுக்காரரையும் சேர்த்து எட்டுப் பேர். "ஏழு பேரை நான் இப்பவே கூப்பிடறேன். நோய் இல்லைன்னு எழுதினதை நம்பாதீங்க, திரும்பி வாங்கன்னு சொல்லணும். அவரு எங்கே?"

அவர் கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அக்கா போன் செய்தார். வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பதாகவே வந்தது. மறுபடியும் அதுவே வந்தது. நல்ல செய்தியை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார் போலும். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது.

எந்த மணியும் அடிக்காமலே நிமிஷம் அக்கா ஓடினார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடிப் படிகளிலும் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு குத்து குத்தியது. வாசலைத் தாண்டி, வண்டிகளுக்கு நடுவே புகுந்து, பேருந்து நிறுத்தத்தில் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்ற கணவனையும் மனைவியையும் பார்த்துவிட்டார்.

"என்ன அக்கா, எதையாவது விட்டுட்டு வந்துட்டோமா?" என்று சிரித்தார் கயிற்றுக்காரர்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நான்தான் விட்டுட்டேன்" என்றார்.

சொல்லச் சொல்ல அந்த முகம் மாறியது. "காலையில இல்லைன்னீங்க, சாயங்காலம் இருக்குங்கறீங்க. எங்க பொழப்பு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?" என்று சத்தம் போட்டார். நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பேப்பர் என் பையில இருக்கு. நான் வர முடியாது. உங்களால ஆனதைப் பாத்துக்குங்க."

"உங்க இஷ்டம்தான். வர மாட்டேன்னா நான் இழுத்துட்டுப் போக முடியாது. ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. நாளைக்குக் காலையில அது அழிஞ்சுடும்."

பேருந்து வந்து நின்றது. அவர் பையை எடுத்தார். அவருடைய மனைவி ஏறவில்லை. "நான் பாக்கணும்" என்றாள். அதுவரை அவள் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அக்கா கேட்டதில்லை. பேருந்து போய்விட்டது.

கேமரா அறையில் நாற்காலி இரண்டுதான். கயிற்றுக்காரர் உட்காராமல் நின்றார். வலிப்பு வருகிறவர்கள் தங்கள் வலிப்பைப் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும், அதில் பாதியை நம்புவார்கள். திரையில் ஒரு ஆள் எழுந்து உட்கார்ந்து போர்வையைப் பிய்த்தான். கண் திறந்திருந்தது, அதற்குப் பின்னால் ஆள் இல்லை. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "பக்கத்துலயே தூங்கிட்டு இருக்கேனே பாவி" என்று அழுதாள். அவர் அழவில்லை. திரையில் இருப்பவனின் இரண்டு கைகளை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று விறைத்து நின்றது, ஒன்று பிய்த்துக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடிக்க அதில் ஒரு கையும் இல்லை.

"இது எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை நிமிஷம்" என்றார் அக்கா. "மாத்திரை இருக்கு. நிறையப் பேருக்கு நல்லாக் கட்டுப்படும். ஆனா கயிறு... கயிறு இனிமே முடியாதுன்னுதான் நினைக்கிறேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

கயிற்றுக்காரர் அறையை விட்டு வெளியே போனார். வராந்தாவின் ஜன்னலருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பின்னாலேயே போவதா வேண்டாமா என்று தெரியாமல் அக்கா கதவருகில் நின்றுவிட்டார். இந்த மனிதர் இனி தன்னை ஆயுசுக்கும் மன்னிக்கப்போவதில்லை என்று நினைத்தார். நினைத்ததில் தப்பில்லை, அவருடைய ஆகாயத்தை அல்லவா பிடுங்கியிருக்கிறார்.

சற்று நேரம் கழித்து அவர் போனை எடுத்தார். மறுமுனையில் கூட வேலை செய்கிறவர் போலிருந்தது.

"திங்கக்கிழமை என்னை எதிர்பாக்காத. வேற ஆளைப் போட்டுக்க... இல்லடா, நிஜமாத்தான். வலிப்புதான்... ஆமா, காலையில இல்லைன்னுதான் எழுதிக் குடுத்தாங்க. தப்பாயிடுச்சு."

கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் பேசுவதைக் கேட்டார். யாரோ ஆஸ்பத்திரியை வாய்க்கு வந்தபடி திட்டுவது கதவருகில் நின்ற அக்காவுக்கே கேட்டது.

"திட்டாத" என்றார் கயிற்றுக்காரர். "யாரும் கண்டுபிடிக்கலைடா. கண்டுபிடிச்சிருக்கவும் மாட்டாங்க. தப்புப் பண்ணவங்களே பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடி வந்து சொன்னாங்க."